அம்பயர் கை காட்டிய பிறகு

இசக்கிபாண்டி அண்ணாச்சி ஹாக்கி வர்ணனையில் ஆட்டக்காரர்களை ஊர்ப்பெயரோடுதான் சொல்வார். ‘ஓட்டப்பிடாரம் தீபலட்சுமி’, ‘குளத்தூர் மாடக்கண்ணு’ என்று. இருபத்தெட்டு வருடப் பழக்கம். மற்ற நாள்களில் கோவில்பட்டிக் கடைகளுக்கு ஆட்டோவில் விளம்பரம் பேசுவார்.

இப்போது ஆட்டங்கள் யூடியூபில் நேரடியாகப் போகின்றன. லேப்டாப்பில் ஸ்கோர் மாற்றுவது என் வேலை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நிரந்தர வேலை கிடைக்கும்வரை இது. பாதிப்பேர் படத்தைப் பார்ப்பதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வேலையில் கை ஓயாது என்பதால் போனை ஜன்னலில் வைத்து அண்ணாச்சி குரலை மட்டும் கேட்பார்கள்.

இந்த வருடம் லிங்கராஜ் என்பவர் தன் ஹாக்கி பயிற்சி மையத்தின் சேர்க்கை விளம்பரத்துக்கு அண்ணாச்சியின் படத்தையும் குரலையும் கேட்டார்.

“கடைக்குப் பேசுதேன், இதுக்கும் பேசுதேன். இதுல என்னட்டி தப்பு?”

“ஒண்ணும் இல்ல அண்ணாச்சி” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை.

பெண்கள் இறுதி ஆட்டத்தில் அந்த மையத்தின் அணியும் ஓட்டப்பிடாரமும் மோதின. கோல் வலைக்குப் பின்னால் அந்த விளம்பர ஃபிளெக்ஸில் அண்ணாச்சி சிரித்துக்கொண்டிருந்தார். கடைசி நிமிடம், ஒன்றுக்கு ஒன்று. மையத்துப் பெண் அடித்த பந்து ஓட்டப்பிடாரம் கோல்கீப்பர் தீபலட்சுமியின் காலருகே போனது.

“கோல்! கோல்!” என்றார் அண்ணாச்சி.

நான் மைதானத்தைப் பார்க்கவில்லை. அவர் குரலைக் கேட்டு இரண்டுக்கு ஒன்று என்று மாற்றினேன். அம்பயர் கோல் இல்லை என்றார். தீபலட்சுமி பந்தைக் கோட்டுக்கு முன்பே தடுத்திருந்தாள். பன்னிரண்டு நொடி கழித்து அண்ணாச்சி மன்னிப்புக் கேட்டார். ஷூட் அவுட்டில் மூன்று பந்துகளைத் தடுத்து அவளே அணியை ஜெயிக்க வைத்தாள்.

மறுநாள் தீபலட்சுமியோடு அவளுடைய அம்மா மாடத்தி மைதானத்துக்கு வந்தார்.

“கோல்னு நீங்க சொன்னதும் போனை அணைச்சுட்டேன் அண்ணாச்சி. இவ கப்போட வந்து நிக்கா, ‘போகட்டும் தாயி, அடுத்த தடவை பாத்துக்கலாம்’னு நான் தேத்துதேன். பேந்தப் பேந்த முழிக்கா.”

“கண்ணு தப்பிட்டு, மாடத்தி.”

“உங்க கண்ணா, வலைக்குப் பின்னால தொங்குன படத்துக் கண்ணா?”

கேலியாகத்தான் சொன்னார். தீபலட்சுமிகூடச் சிரித்தாள்.

அவர்கள் போனபின் அண்ணாச்சி பதிவை ஓட்டச் சொன்னார். ஏழெட்டு முறை பார்த்தோம். எங்கள் மேசையிலிருந்து பார்த்தால் பந்தை அவள் கால் மறைத்தது. யாருக்கும் அப்படித் தோன்றியிருக்கலாம்.

“தாண்டுன மாதிரிதாம்ட்டி தெரிஞ்சிச்சு. நெசமா. ஆனா அடிச்சது லிங்கராஜ் டீமா இல்லன்னா அப்படித் தெரிஞ்சிருக்குமா?”

“தெரியல அண்ணாச்சி.”

“எத்தனையோ தடவை தப்பாச் சொல்லியிருக்கேன். ஏன் சொன்னோம்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல.”

மறுநாளே ஃபிளெக்ஸைக் கழற்றச் சொன்னார். லிங்கராஜும் கோபப்படாமல் கழற்றிவிட்டார்.

அடுத்த போட்டியிலும் அண்ணாச்சிதான் பேசினார். ஊர்ப்பெயர்கள் அப்படியே வந்தன. பந்து கோலை நெருங்கியதும் மட்டும் வாயை மூடிக்கொண்டார். அம்பயர் கை காட்டிய பிறகே என்ன நடந்தது என்று சொன்னார்.

‘ஆடியோ போச்சா?’ என்று கமெண்டில் கேட்டார்கள். ‘ஆடியோ சரியாக இருக்கிறது’ என்று பதில் போட்டேன். பிறகு நிமிர்ந்து மைதானத்தைப் பார்த்தேன். அம்பயர் கை இன்னும் உயரவில்லை.