பணிக்காரன்

நேற்று பெருங்காய டப்பாவைத் திறந்ததும் ஆரியசாலையில் தாத்தா வேலை பார்த்த மளிகை மொத்தக்கடை நினைவுக்கு வந்தது. இப்போது அந்த இடத்தில் வண்டிகளை நிறுத்துகிறார்கள். சாக்கு மூட்டைகளும் மிளகாய் நெடியும் ஓயாத தும்மலுமாக இருந்த அந்தக் கடையிலிருந்துதான், அப்பா இறந்தபின் எங்கள் வீட்டைத் தாங்கிய தாத்தா, தினமும் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சூடான சோறு வாங்கிக்கொண்டு என் பள்ளிக்கு நடந்து வருவார். மரத்தடியில் என் பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து தருவார். அவர் வியர்வைகூடப் பெருங்காயமாய் மணக்கும்.

ஒருநாள் தோழி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆரா அது?" என்று மலையாளத்தில் கேட்டாள்.

"வீட்டிலெ பணிக்காரன்," என்றேன். எனக்கு அப்போது எட்டு வயது. அது தாத்தாவுக்கும் கேட்டது.

"சாப்பிடு மக்ளே, ஆறிப்போவும்," என்று மட்டும் சொன்னார்.

மறுநாளிலிருந்து குளித்து, வெளுத்த சட்டை போட்டு, ஈரத்தலையோடு வந்தார். அடைமழைக் காலத்திலும் அப்படித்தான், இருமிக்கொண்டே. பாத்திரத்தை என்னிடம் தந்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பணிக்காரனைப் போலவே மதிலோரம் தள்ளி நிற்பார்.

பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை.