மேகம் இல்லாத நாட்களில் வரும் போன்

என் மகளுக்கு என் காடு தெரியும். நான் தெரிய மாட்டேன். இதை மனத்தாங்கலோடு சொல்லவில்லை, அவள் வேலையே அப்படி. பெங்களூரில் ஒரு கம்பெனியில், செயற்கைக்கோள் எடுத்து அனுப்பும் படங்களைப் பார்த்து எந்த நிலத்தில் எந்தப் பயிர் எந்தப் பருவத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்கிறாள். தூர் கட்டியிருக்கிறதா, கதிர் வந்துவிட்டதா, பால் பிடித்திருக்கிறதா, முற்றிவிட்டதா என்பதெல்லாம் அவளுக்கு நிறத்திலேயே தெரிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழகிப் பார்க்கத் தெரிந்த நிலம் ஒன்று வேண்டுமென்று வாழவந்திப் பக்கம் இருக்கும் எங்கள் காட்டை எடுத்துக்கொண்டாள். அவள் அப்பா விட்டுப்போன மானாவாரி நிலம், எங்கள் பக்கம் அதைக் காடு என்போம். ஏற்காட்டில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றதும், டவுனில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நான் அந்தக் காட்டோரத்து வீட்டுக்கே வந்துவிட்டேன். அவர் இறந்த பிறகு வேறெங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் தடவை அவள் வீடியோ காலில் படத்தைக் காட்டியபோது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பச்சைக் கட்டங்கள், பழுப்புக் கட்டங்கள், நடுவில் கொஞ்சம் கறுப்பு. பரீட்சைத் தாளில் விடை தெரியாத பிள்ளை கிறுக்கி வைத்த மாதிரி இருந்தது.

“இதுதாங்கம்மா நம்ம காடு. இது பக்கத்து எஸ்டேட்டு. இருட்டா இருக்கறதெல்லாம் சில்வர் ஓக்கு மரம்.”

“நம்ம ஊடு எங்க கண்ணு?”

“ஊடு ஒரு கட்டத்துக்கும் பத்தாதுங்கம்மா. பலா மரத்தோட கலந்து பச்சையாத்தான் தெரியும்.”

“அப்ப நானு?”

அவள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் பேச்சுக்கு ஓர் ஒழுங்கு வந்தது. அந்தச் செயற்கைக்கோள் சில நாட்களுக்கு ஒருமுறை எங்கள் மலைக்கு மேலே போகும். அன்று வானம் வெளுத்திருந்தால் படம் கிடைக்கும். படம் கிடைத்தால் அவளிடமிருந்து போன் வரும். “கீழ் ஓரத்துல மஞ்சளடிக்குதே, தண்ணி நிக்குதுங்களா?” என்று கேட்பாள். நான் குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். மேகம் மூடிக்கிடந்தால் படம் இல்லை, போனும் இல்லை. ஏற்காட்டில் மேகத்துக்கா பஞ்சம்? மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வீட்டு வாசலிலிருந்து கிணற்றுமேடு தெரியாது. ஊருக்கு வரும் டூரிஸ்டுகள் அந்த மூடுபனியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெங்களூருக்கும் எங்களுக்கும் அரை நாள் பயணம்தான். ஆகாயத்தில் திரிவது தவறாமல் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது, பெற்ற பிள்ளைக்குச் சேலம் வந்து பஸ் ஏற முடியவில்லை. இதை ஒருமுறை அவளிடமே சொல்லியிருக்கிறேன். “அதுக்கு லீவு கேக்க வேண்டியதில்லைங்களேம்மா” என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருந்தாலும் எனக்குக் கோபம் தணியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், கூட வேலை பார்த்த டீச்சர்கள் கேட்பார்கள்: “மக எப்பங்க வருது?” நான் நிமிர்ந்து நின்று, “நேத்துக்கூட போன் பண்ணி அரை மணி நேரம் பேசுச்சு” என்பேன். பேசியது கீழ் ஓரத்து மஞ்சளைப் பற்றி என்று சொல்ல மாட்டேன்.

முதல் வருஷம் ராகி போட்டிருந்தேன். அறுப்புக்கு வரும் சமயத்தில் அவளிடமிருந்து அடுத்தடுத்துப் போன் வர ஆரம்பித்தது. பயிர் முற்ற முற்றப் படத்தில் பச்சை குறைந்துகொண்டே வர வேண்டுமாம். எங்கள் காட்டில் மட்டும் குறையவே இல்லை. “ராகி இன்னும் முத்தலைங்களா? வெதை மாறிப்போச்சா? உரம் அதிகமாப் போட்டுட்டீங்களா?” என்று காலையில் ஒரு கேள்வி, சாயங்காலம் ஒரு கேள்வி. போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். கதிரை மட்டும் கிட்டத்தில் எடுத்து அனுப்பினேன். கதிர் முற்றித்தான் இருக்கிறது, மேலிருந்து பார்த்தால் பச்சையாகத் தெரிகிறதே, எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் நான் போனைத் தூக்கிப் பிடித்துக் காடு முழுவதையும் காட்டினேன். ராகிக்கு நடுவே வரிசை வரிசையாக மொச்சைக்கொடி.

மொச்சை! ராகியோடு மொச்சை விதைக்காத காடு எங்கள் மலையில் உண்டா? ராகி காய்ந்து நிற்கும்போதுதான் மொச்சை தழைத்துப் பூவெடுக்கும். அந்த மொச்சைக்குழம்பைத் தின்று வளர்ந்தவள், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மடி நிறையக் காய் பறித்து வந்தவள், ஆகாயத்திலிருந்து பார்த்ததும் மறந்துபோனாள். அன்று அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நெடுநேரம் பேசினோம். அவள் அப்பாவைப் பற்றிக்கூடப் பேசினாள். அந்த வாரம் வீட்டில் யாரோ இருக்கிற மாதிரியே இருந்தது எனக்கு.

அதிலிருந்து நான் ஒன்று கற்றுக்கொண்டேன். பயிர் பருவத்துக்குத் தூர் கட்டி, பருவத்துக்குக் கதிர் வாங்கினால் போன் சுருங்கிவிடும். “எல்லாம் சரியா இருக்குதுங்கம்மா, வெச்சுர்றேன்” என்பாள். ஏதாவது கோணலாக இருந்தால்தான் பேச்சு நீளும்.

போன வருஷம் சாமை போட்டேன். மழை நன்றாகப் பெய்தது, பயிர் ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்தது. போன் வருவது குறைந்தது. மேகம் என்று நினைத்தேன். பிறகு வானம் வெளுத்த நாட்களிலும் வரவில்லை. அவளுக்கு வேலை அதிகம், ஏதோ புதிதாகச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். என்ன வேலை என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால் புரியாதென்று விட்டுவிட்டேன்.

சாமை தலை சாய்ந்தது. எங்கள் பக்கம் அறுப்புக்குக் கூலி ஆள் தேட மாட்டோம். இன்றைக்கு உன் காட்டுக்கு எல்லோரும், நாளைக்கு என் காட்டுக்கு எல்லோரும் என்று முறை வைத்துப் போவோம். பக்கத்துக் காட்டுக்காரி, என்னைவிட இளையவள், அந்தி சாய வந்து வேலியோரம் நின்றாள்.

“ஏனுங்க டீச்சர், நாளைக்கு உங்க காடுங்க. அருவாளோட வந்தரலாமுங்களா?”

“இன்னும் ரெண்டு நாள் போவட்டும்.”

“முத்தித்தானுங்க நிக்குது.”

“எனக்குத் தெரியும். அடுத்த காட்டுக்குப் போங்க.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்த மலையில் அறுப்பு முறையை யாரும் வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள். “நொம்ப நாள் உட்டா மணி கொட்டிப் போயிருமுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குத் தெரியாமலா? என் கணக்கு வேறு. சுற்றிலும் எல்லாக் காடும் அறுத்து மொட்டையாகிவிடும். என் காடு மட்டும் மஞ்சளாக நிற்கும். படம் எடுத்தால் பளிச்சென்று தெரியும். “ஏனுங்கம்மா இன்னும் அறுக்கலை?” என்று அவள் கேட்டே ஆக வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்பேன். அப்புறம் கை வலி என்பேன். ஒருவேளை, “நான் வர்றனுங்கம்மா, ரெண்டு பேருமா அறுத்துரலாம்” என்று சொல்லிவிடுவாள். வயதான காலத்தில் இப்படி ஒரு திட்டம். எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் அரிவாளை எடுக்கவில்லை.

மறுநாள் வானம் பளிங்காக இருந்தது. போனை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தேன். வரவில்லை. அடுத்து இரண்டு நாள் தூறல். பிறகு நல்ல வெயில். வரவில்லை. அறுப்பு ஆட்கள் ஒவ்வொரு காடாக முடித்துவிட்டுக் காபிப் பழம் பறிக்க எஸ்டேட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். பக்கத்துக் காட்டுக்காரி போகிற வழியில் என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டினாள். குருவிகள் கூட்டமாக வந்து என் காட்டில் இறங்கின. ஒரு சாயங்காலம் அடித்த காற்றுக்கு வீட்டுக் கதவு அறைந்துகொண்டது. கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதேன். சாமைக்காக அழவில்லை.

கடைசியில் ஒரு காலை போன் ஒலித்தது. கூப்பிடும் ஒலி இல்லை, மெசேஜ் வரும் ஒலி. பெயரில்லாத ஒரு நம்பரிலிருந்து நல்ல தமிழில் வந்திருந்தது: “அன்புள்ள விவசாயிக்கு, உங்கள் வயலில் சாமைப் பயிர் முதிர்ந்துவிட்டது. காலதாமதமின்றி அறுவடை செய்யவும்.”

செருப்பைப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் இறங்கினேன். ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் கசக்கி ஊதினேன். சக்கைதான் பறந்தது. இன்னொன்று, இன்னொன்று. மணியெல்லாம் எப்போதோ மண்ணில். மேலே தாள் மட்டும் மஞ்சளாக, பார்வைக்கு அழகாக நின்றது. அங்கே நின்றபடியே அவளைக் கூப்பிட்டேன். அவள் வேலை நேரத்தில் நான் கூப்பிடுவதே கிடையாது.

“என்னங்கம்மா, ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?”

“ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. ஒரு மெசேஜ் வந்துச்சு.”

“வந்துருச்சுங்களா?” குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பக்கத்தில் யாரிடமோ அதைச் சொல்வதும் கேட்டது. “நாந்தாங்கம்மா செஞ்சேன். இத்தன நாளா இதான் வேல. இனிமே நாங்க ஒவ்வொரு படமா உக்காந்து பாக்க வேண்டியதில்ல. அதுவே பாத்து அதுவே சொல்லிரும். மொதல்ல உங்க நம்பரத்தான் போட்டேன்.”

எனக்காகத்தான் செய்திருக்கிறாள். அவளைக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று.

“அப்ப நம்ம காட்ட நீ பாக்கறதில்லையா?”

“அதான் மிஷினு பாக்குதுங்களேம்மா. நடுவுல மேகம் மறைச்சதால கொஞ்சம் தாமதமாச் சொல்லியிருக்கும்.” எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம். “ஆமா, அக்கம்பக்கமெல்லாம் அறுத்தாச்சே. நீங்க ஏனுங்கம்மா இன்னும் அறுக்கல?”

இந்தக் கேள்விக்குத்தான் இத்தனை நாள் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். ஆள் கிடைக்கவில்லை, கை வலி, எல்லாம் வரிசையாக இருந்தது. வாயில் வேறு வந்துவிட்டது.

“நீ கேப்பேன்னுதான் கண்ணு உட்டு வெச்சேன்.”

ஆபீஸ் இரைச்சல் மட்டும் கேட்டது. அவள் எழுந்து எங்கோ நடந்தாள். ஒரு கதவு சாத்தும் சத்தம் வந்தது, இரைச்சல் நின்றுபோனது. மூக்கை உறிஞ்சுகிறாள் என்று தெரிந்தது.

“நாளைக்கே அறுத்துருங்கம்மா” என்றாள். “கொட்டிப் போயிரும்.”

“கொட்டிப் போச்சு கண்ணு” என்றேன்.