ஹாஜியார் வாசலில் சுபியான் சேர்

பிச்சை என்று நாங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. பல்கலைக்கழகத்தில் அதற்கு வளந்திரட்டல் என்று பெயர். எங்கள் முகாமைத்துவ பீடத்துக்கு வளம் திரட்டுகிறவர் சுபியான் சேர். அவருக்கு எதிர் மேசையில் கிளார்க்காக இருப்பவள் நான், நுஸ்ரத்.

சேர் முன்பு காப்புறுதி விற்றவர். இப்போது வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பித்து ஓடுகிற சீவியம். காலையில் பீடத்தைப் பற்றிய மினுமினுப்பான கையேடுகளைப் பையில் திணித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கல்முனைக் கடைத்தெருவுக்குப் போவார். பின்னேரம் முகமெல்லாம் புழுதியோடு வந்து கதிரையில் விழுவார்.

"என்ன சேர், கிடைச்சிச்சா?"

"ஓம் புள்ள. எல்லாக் கடையிலயும் தேத்தண்ணி கிடைச்சிச்சு."

ஒரு முதலாளி, மகனுக்குப் பல்கலைக்கழகம் நுழைய இஸட் ஸ்கோர் போதாது, உள்ளுக்குப் போட ஏலுமா என்று கேட்பார். இன்னொருவர், "வட்டிக் கணக்குப் படிப்பிக்கிற இடத்துக்கு நான் சல்லி தந்தா நாளைக்கு அல்லாஹ்ட என்ன பதில் சொல்ற?" என்று கையை விரிப்பார். எங்கள் பீடாதிபதியோ ஏசி அறையில் இருந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்க சுபியான்" என்பார். அந்த மனிதரை ஒரு நாளைக்காவது பஸார் வெயிலில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வரும். சேர் மட்டும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலைத் தடவிக்கொண்டிருப்பார்.

இந்த ரமழான் நோன்பில் அம்ஹா வந்தாள். சாய்ந்தமருதுப் பிள்ளை, இறுதி வருடம், நல்ல கெட்டிக்காரி. மீன் வியாபாரம் செய்த வாப்பா சிறுநீரகம் பழுதாகிப் படுக்கையில். படிப்பை நிறுத்திவிட்டு சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகப் பாஸ்போட் எடுத்துவிட்டாளாம். பெருநாள் முடியப் பயணமாம். விலகல் கடிதம் எழுதுவது எப்படி என்று கேட்கத்தான் வந்திருந்தாள்.

"நான் உழைச்சுக் குடுக்காட்டியும் பரவாயில்ல சேர். என்ட செலவாவது உம்மாக்குப் பாரமா இரிக்கக் கூடாது," என்றாள்.

"ஒரு வருசம்தானே மகள். கொஞ்சம் பொறு, நான் பாக்கிறன்," என்றார் சேர்.

எங்கே பார்ப்பது? பீடத்துக்குச் சேர்ந்த காசெல்லாம் புதிய கட்டிடத்துக்கென்று ஒதுக்கியாயிற்று. கடைசியில், வருடா வருடம் நோன்பில் ஏழைகளுக்கு ஸக்காத்துப் பணம் பங்கிடும் இரும்புக்கடை மீராசா ஹாஜியாரிடம் போனார். ஹாஜியார் கெட்டவரல்ல, தன் சட்டத்தை விடாத மனிதர்.

"ஸக்காத்துத் தாறன். ஏழைப் புள்ளைக்கெண்டா தாராளமாத் தாறன். ஆனா பட்டியல் கொண்டு வாற ஆக்கள் என்னை நல்லா ஏமாத்திட்டாங்க. அதால எல்லாரும் என்ட வாசல் வரிசையில நிக்கணும். ஆருக்கு என்ன தேவையெண்டு நானே கேட்டுக் குடுப்பன்."

அம்ஹா ஒரே பிடியாய் மறுத்துவிட்டாள். "என்னோட படிக்கிற புள்ளைகள்ர வீடெல்லாம் அந்த ரோட்டிலதான் சேர். அதுக்கு நான் சவூதிக்கே போறன்."

"சரி, நீ வர வேணாம். உன்ட பேரும் வெளியில வராது," என்று சேர் வாக்குக் கொடுத்தார்.

ஹாஜியார் ஸக்காத்துக் கொடுக்கும் வெள்ளிக்கிழமை நான் பெருநாள் உடுப்பு எடுக்கப் பஸாருக்குப் போயிருந்தேன். ஹாஜியார் வீட்டு மதிலோரம் ஒரு பக்கம் ஆண்கள் வரிசை, மறுபக்கம் பெண்கள் வரிசை. ஆண்கள் வரிசையின் நடுவில், அயன் பண்ணிய சேர்ட்டோடு சுபியான் சேர்! ஓடிப்போய், "சேர், உங்களுக்கென்ன விசரா? சனம் என்ன கதைக்கும்?" என்று கேட்டேன்.

"அந்தப் புள்ளைக்குப் பதிலா நிக்கிறன். நீ போ புள்ள," என்றார். நோன்பு வைத்த வாய், நா வறண்டு போயிருந்தது. முன்னால் நின்ற கிழவர் திரும்பி, "உங்களுக்குமா சேர் இந்த நிலம?" என்று தான் நின்ற நிழலை விட்டுக்கொடுத்தார். அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது.

போக மனமில்லாமல் நான் மதிலோரமே நின்றுகொண்டிருக்க, சேரின் முறை வந்தது. ஒரு மாணவிக்காக வந்திருப்பதாகச் சொன்னார். ஹாஜியார் விடவில்லை. "பேர் தெரியாத ஆளுக்கு எப்படிக் குடுக்கிற? ஆர்ர மகள்?" சேர் குனிந்து காதுக்குள் சொன்னார். ஹாஜியாருக்குக் காது மந்தம். "பலமாச் சொல்லுங்க!" என்றார். சேர் என்னதான் செய்வார், பலமாகவே சொன்னார். ஹாஜியாரும் சொன்ன சொல் தவறாமல், ஒரு வருடச் செலவுக்குப் போதுமானதை உறையில் போட்டுக் கையில் வைத்தார்.

அடுத்த வேலை நாளில் அம்ஹா அலுவலகத்துக்கு வந்தாள். சேர் உறையை நீட்டி, "உன்ட பேரைச் சொல்ல வேண்டி வந்துட்டு மகள், மன்னிச்சுக்க," என்றார்.

அவள் உறையைத் தொடவில்லை. "நீங்க சொன்னத எங்கட உம்மாவே கேட்டுட்டா சேர். அங்க பொம்பளைகள்ர வரிசையில நின்டிரிக்கா. ஒவ்வொரு நோன்புக்கும் நிக்கிறவவாம். எனக்கே இப்பதான் தெரியும். வாப்பாட மருந்துக்கு அதத்தான் எடுத்து வெக்கிறவ."

"நான் காணல்லியே மகள்."

"என்ட பேரைக் கேட்டதும் வரிசையை விட்டு வெறுங்கையோட வந்துட்டா. ஒரு வீட்டுக்கு ரெண்டு பங்கு எடுக்கிற முறையில்லயாம்."

"யா அல்லாஹ்! அப்ப இத உம்மாட்டக் கொண்டு குடு."

"வாங்க மாட்டா சேர். படிப்புக்கெண்டு கேட்டது படிப்புக்குத்தானாம். மருந்துச் செலவுக்குப் பெருநாள் உடுப்புத் தைக்க எடுத்திரிக்கா. என்ட பாஸ்போட்டையும் புடுங்கி வெச்சிட்டா." உறையை வாங்கிப் பைக்குள் வைத்தவள், போகாமல் நின்றாள். "உம்மா உங்களுக்கு ஒண்டு சொல்லச் சொன்னா சேர்."

"என்ன மகள்?"

"இனி எந்தப் புள்ளைக்காகவும் நீங்க அங்க போய் நிக்க வேணாமாம். தனக்குச் சொல்லி அனுப்பினா, தானே வந்து நிக்கிறாவாம். உங்களுக்குப் பழக்கமில்லயாம், கால் நோகுமாம்."

"ஓம் மகள்," என்றார் சுபியான் சேர். குனிந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலைத் தடவினார்.