கம்பளத்தார்

கம்பளத்தின் நான்கு மூலைகளையும் குதிகாலால் அழுத்திப் பார்த்தபின், நடுவில் நின்று இரண்டு குதி குதிக்கிறார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். அவர் வருவதற்கு ஒரு நொடி முன்பே அவருடைய தொந்தி வந்துவிடும். அப்படிப்பட்டவர் ஆளில்லாத மேடையில் குதிப்பதைப் பார்த்து ஒலிபெருக்கிக்காரர்கள் சிரிப்பார்கள். அதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. கம்பளம் நகரவில்லை என்று உறுதியான பிறகுதான் வேனில் இருக்கிற மற்ற பெட்டிகளை இறக்கச் சொல்வார்.

“முதல்ல கம்பளம். அப்புறம்தான் கச்சேரி. தரை வழுக்குச்சுன்னா பெரிய டிரம்மு நடக்க ஆரம்பிச்சிடும் சார். அது பாட்டுக்கு நடந்து போகும், வாசிக்கிறவன் பின்னாடியே ஸ்டூலைத் தூக்கிட்டுப் போகணும்.”

டிரம் செட்டுகளை வாடகைக்கு விடுவது அவர் தொழில். எதிரில் எல்லோரும் “அண்ணே” என்பார்கள். அவர் அந்தப் பக்கம் போனதும் “கம்பளத்தார்” என்பார்கள். அவருக்கும் அது தெரியும். ஒருமுறை யாரோ தொலைபேசியில் வாய்தவறி அப்படியே கூப்பிட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டபோது, “பரவால்ல தம்பி, டிரம்முக்காரன்னு சொன்னாத்தான் பொய். எனக்கு ரெண்டு தாளம். ஒண்ணு தெரியாது, இன்னொண்ணு வராது” என்றார்.

அவருடைய கிடங்குக்கு மேல் மாடியில் நான் குடியிருக்கிறேன். எனக்கு இசையில் அரிச்சுவடி கூடத் தெரியாது. ஆனால் தினமும் காலையில் காப்பி குடிக்கும்போது கீழே ஸ்நேர் டிரம்மின் திருகுகள் ஒவ்வொன்றாக முறுக்கப்படும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, அது சரியாக வந்துவிட்டதா இல்லையா என்று சொல்கிற அளவுக்குக் கெட்டுப்போயிருக்கிறேன். ஒரு திருகு, ஒரு தட்டு. எதிர்ப்பக்கத் திருகு, ஒரு தட்டு. கடைசியில் டிரம்மின் அடியில் இருக்கும் கம்பிச் சுருள்களை இழுத்துப் பிடிக்கும் விசையைத் தட்டிவிட்டு ஒரே ஓர் அடி. அந்த அடி சுருக்கென்று விழுந்தால்தான் என் காப்பியும் உள்ளே இறங்கும்.

திருகுகளை முறுக்கும் சாவி ஒரு கறுப்புக் கயிற்றில் எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். அவர் மனைவிதான் வாடகைக்குக் கேட்டு வரும் அழைப்புகளைக் கவனிக்கிறவர். வாய் கொஞ்சம் நீளம். “குளிக்கறப்பகூட கழட்ட மாட்டாரு. தண்ணி பட்டுப் பட்டு சாவிதான் துரு ஏறிப்போச்சு. இவரு வாயைத் தொறக்கற சாவி மட்டும் இன்னும் எனக்குக் கிடைக்கல” என்பார்.

கிடங்கில் மூன்று செட்டுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் பெயர் உண்டு. மேப்பிள் மரத்தில் செய்த பழுப்பு நிறச் செட்டு ‘சாது’. அதட்டினாலும் குரல் உயர்த்தாது. பிர்ச் மரத்துச் செட்டு ‘வாயாடி’. மூன்றாவது, கண்ணைப் பறிக்கிற வெள்ளிப் பூச்சு பூசியது. அதற்குப் பெயர் ‘மாப்பிள்ளை’. இப்போது எது பிரபலம் என்று கைபேசியில் பார்த்துவிட்டு வரும் இளைஞர்கள் கிடங்குக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளையிடம்தான் போவார்கள்.

“தாராளமா எடுத்துட்டுப் போங்க. போட்டோவுக்கு நல்லா இருப்பாரு. வேலை வெட்டின்னு மட்டும் எதையும் எதிர்பாக்காதீங்க.”

இவற்றைத் தவிர பித்தளையில் செய்த ஒரு ஸ்நேர் டிரம்மும் உண்டு. அது வாடகைக்குப் போகாது. யார் கேட்டாலும் “ரிப்பேர்” என்பார். நான் குடிவந்த நாள் முதல் அது ரிப்பேரில்தான் இருக்கிறது. காலையில் திருகு முறுக்கப்படுவதும் அதற்குத்தான்.

இனி அந்தக் கம்பளத்தைப் பற்றி. சிவப்பாக இருந்து, செம்மண்ணாகி, இப்போது இன்ன நிறம் என்று சொல்ல முடியாத ஒன்று. அதன் மேல் பல வண்ண டேப் துண்டுகள் ஒட்டியிருக்கும். வழக்கமாக வாசிப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வண்ணம். எந்தக் கால் எங்கே நிற்க வேண்டும், ஸ்டூல் எங்கே, மிதித்தால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு எங்கே என்பதெல்லாம் அந்தத் துண்டுகளில் இருக்கும். நீலக்காரர் நெட்டை, அவருக்கு எல்லாம் தள்ளி இருக்கும். பச்சைக்காரர் எல்லாவற்றையும் மடியில் போட்டுக்கொள்வதுபோல் கிட்டே வைத்திருப்பார். வாசிக்கிறவர் வந்து உட்கார்ந்தால் கை தானாகப் போகிற இடத்தில் டிரம் இருக்கும். அத்தனை பேரும் வலக்கைக்காரர்கள்.

அவருடைய ஒரே மகள் நொட்டாங்கைக்காரி. பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, சாயங்காலங்களில் ஒரு குழுவில் டிரம்ஸ். சிறுமியாக இருந்தபோது கிடங்கில்தான் வாசிக்கப் பழகினாள். இடது கையால் ஆரம்பிப்பாள். இவர் குச்சியை வாங்கி வலது கையில் கொடுப்பார். இவர் முதுகைத் திருப்பியதும் குச்சி பழையபடி இடது கைக்குப் போய்விடும். வீம்பில் அப்பாவுக்கு மகள் இம்மியும் குறைச்சலில்லை. கொஞ்சம் வளர்ந்ததும், செட்டு முழுவதையும் இடவலமாகத் திருப்பி வைத்துத் தரும்படி கேட்டாள். அவர் முடியாது என்றுவிட்டார்.

“ஊரு பூரா சோத்துக் கையால வாசிக்குது. உனக்காக ஒவ்வொரு மேடையிலயும் எல்லாத்தையும் திருப்பி வெப்பாங்களா?” என்று கேட்டாராம்.

“வெக்கிறவங்க வெப்பாங்க” என்று சொல்லிவிட்டுப் போனவள், அதற்குப் பிறகு அப்பாவின் டிரம் எதையும் தொடவில்லை. அவள் சேர்ந்த குழுவும் வேறு இடத்தில்தான் வாடகைக்கு எடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவாள், சாப்பிடுவாள், அப்பாவின் கண்ணாடியைக் கழற்றி வாங்கித் துடைத்துக் கொடுப்பாள். மழை வருமா, முட்டி வலி எப்படி இருக்கிறது என்று எல்லாம் பேசுவார்கள். டிரம்ஸைப் பற்றி மட்டும் இருவரும் மூச்சுவிட மாட்டார்கள். அவள் வாசிப்பதைக் கேட்க அவர் போனதும் கிடையாது. “நடுவுல கிடந்து நான்தான் வேகுறேன்” என்பது அம்மாவின் கட்சி.

போன மாதம் ஒரு கலையரங்கத்திலிருந்து டிரம் செட்டு கேட்டுத் தொலைபேசி வந்தது. வாசிக்கப் போகிற குழு எது என்று விசாரித்த அம்மா, பேச்சோடு பேச்சாக ஒப்புக்கொண்டுவிட்டார். மகளின் குழு. விஷயத்தைச் சொன்னபோது கம்பளத்தார் “ம்” என்றார்.

கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பு மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனேன். கம்பளத்தார் மண்டியிட்டு, கம்பளத்திலிருந்து டேப் துண்டுகளை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். நீலம், பச்சை, வெள்ளை என்று ஒன்றுவிடாமல் எல்லாம் போயின. பிறகு சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். அடியிலிருந்து அசல் சிவப்பு மெல்ல வெளியே வந்தது.

“என்ன அண்ணே, எல்லாரையும் துரத்திட்டீங்க?”

“அழுக்கு சார்.”

மறுநாள் கம்பளம் காய்ந்திருந்தது. அவர் அதன் மேல் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே தண்ணீர்த் தொட்டியில் கைபேசி சாய்ந்திருந்தது. அதில் மகள் வாசித்துக்கொண்டிருந்தாள். படத்தை நிறுத்துவார், உற்றுப் பார்ப்பார், வெறுங்காற்றில் இடது கையை வீசுவார், இடது காலால் இல்லாத பெரிய டிரம்மை மிதிப்பார், பிறகு குனிந்து சாணால் அளந்து ஒரு மஞ்சள் டேப்பை ஒட்டுவார். வாழ்நாள் முழுக்க வலது கையை வைத்துப் பிழைத்த மனிதர் நொட்டாங்கைக்காரராக நடிப்பது பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குச் சிரிக்க மனம் வரவில்லை. நான் வந்ததைக் கவனித்துவிட்டு, கம்பளத்தை விரித்தபடியே விட்டு எழுந்தார்.

“வெயில்ல கிடக்கட்டும் சார். பசை நல்லா பிடிக்கும்.”

அங்கேதான் சனி பிடித்தது. வேனில் கம்பளம் கடைசியாக ஏறும்; அப்போதுதான் முதலில் இறங்கும். அவர் தொழிலைத் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் ஒழுங்கு. கச்சேரியன்று சாதுவை ஏற்றினார், வேறொரு கச்சேரிக்குப் போகவேண்டிய வாயாடியை ஏற்றினார், தட்டுகளை ஏற்றினார், ரிப்பேரில் இருந்த பித்தளை ஸ்நேரை யார் கையிலும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் ஏறினார். மடியில் அது இருந்ததால் கடைசியாக ஏறவேண்டியது மறந்துவிட்டது. கதவை அடைத்தாயிற்று.

நான் பல் மருத்துவரிடம் வாயைப் பிளந்துகொண்டிருந்தபோது அவர் கூப்பிட்டிருக்கிறார். வெளியே வந்ததும் நான் திரும்பக் கூப்பிட்டேன்.

“மாடி சார், கம்பளம் மேலயே கிடக்குது. வேன் வாயாடியை இறக்க வேற இடத்துக்குப் போயிடுச்சு. இங்க தரை கண்ணாடி மாதிரி இருக்கு.”

குரல் அவருடையது மாதிரியே இல்லை. பாதி வாய் மரத்திருந்த நான் என்ன பதில் சொன்னேனோ, அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. வீட்டுக்குப் போய் கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கச்சேரி தொடங்கிவிட்டது. இடைவேளைக்கு முன் மேடைக்கு யாரையும் விடமாட்டோம் என்று காவலாளி பக்கவாட்டுக் கதவருகே என்னை நிறுத்திவிட்டார். அங்கிருந்து பார்த்தேன். மேடையில் பாடகர், கிடார்க்காரர், பின்னால் டிரம்ஸில் மகள். செட்டு இடக்கைக்குத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பெரிய டிரம்முக்கு முன்னால், அரங்கத்தைப் பார்த்தபடி, கால் நீட்டி உட்கார்ந்திருந்தார் கம்பளத்தார். முதுகு டிரம்மில் அழுந்தியிருந்தது. அவள் ஒவ்வொரு மிதி மிதிக்கும்போதும் அவர் தோள் ஒருமுறை குலுங்கியது. முகத்தை மட்டும், கல்லைச் சுமக்கிறவர்போல, நேராக வைத்திருந்தார். கூட்டம் முதலில் சிரித்திருக்கும். நான் போனபோது பழகிவிட்டிருந்தது.

முதல் வரிசையிலிருந்து அம்மா குனிந்தபடி என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

“டேப் ஒட்டிப் பாத்தாங்க, தரையில நிக்கல. ஆணி அடிக்கக் கூடாதுங்கறாங்க. மொத பாட்டுலயே டிரம்மு கிளம்பிருச்சு. இவரு ஓடிப்போயி முட்டுக்குடுத்து உக்காந்துட்டாரு.”

“மகள் என்ன சொன்னாங்க?”

“கச்சேரிக்கு முன்னாடி வந்தா. செட்டு அவ கைக்குத் திரும்பியிருக்கறதைப் பாத்தா. பித்தளை ஸ்நேரைத் தொட்டுப் பாத்தா. கம்பளம் எங்கேப்பான்னு கேட்டா. அம்புட்டுதான். இத்தனை வருஷத்துல டிரம்ஸ் பத்தி அவரை அவ கேட்ட மொத கேள்வி. அதுக்கு இவரு, காயப்போட்டிருக்கேன்னாரு. நல்ல பதிலு.”

இடைவேளையில் திரை மூடியது. நான் கம்பளத்தோடு மேடை ஏறினேன். அவர் எழுந்திருக்கச் சிரமப்பட்டார்; இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. மகள் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். டிரம்களை நகர்த்தி, கம்பளத்தை விரித்தோம். மூலைகளைக் குதிகாலால் அழுத்தினார். குதிக்க மட்டும் முடியவில்லை.

மகள் மஞ்சள் டேப் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பழைய டேப்பெல்லாம் எங்கேப்பா?”

“அழுக்கா இருந்துச்சும்மா.”

அவள் டிரம்களை ஒவ்வொன்றாக எடுத்து மஞ்சள் மேல் வைத்தாள். பெரிய டிரம், ஸ்நேர், ஸ்டூல் எல்லாம் சரியாக நின்றன. உட்கார்ந்து கையை வீசிப் பார்த்தாள். ஜோடித் தட்டு மட்டும் ஒரு கையகலம் தள்ளியிருந்தது. இறங்கி வந்து, அந்த டேப்பை உரித்து, சரியான இடத்தில் ஒட்டி, குதிகாலால் அழுத்தினாள். அப்படியே அப்பாவின் அழுத்தல்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “போன்ல பாத்து அளந்ததும்மா. போன்ல கொஞ்சம் முன்னப்பின்னதான் தெரியும்.”

“நேர்ல வந்து பாத்திருக்கலாம்லப்பா?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்கும் குரலில்தான் கேட்டாள். அவர் கழுத்துச் சாவியை எடுத்து ஸ்நேரின் ஒரு திருகை முறுக்கினார். பிறகு அதையே தளர்த்தினார். அதற்குள் மணி அடித்துவிட்டது. எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். நான் இறங்கிக் கதவருகே நின்றேன். அம்மா தன் இருக்கைக்குப் போனார். பக்கத்து இருக்கையில் கணவருக்காகக் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தார்.

திரை விலகியது. டிரம் இனி நகராது. யாரும் முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மகள் குச்சிகளை மேலே தூக்கினாள். அப்போது பக்கவாட்டிலிருந்து கம்பளத்தார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு வந்தார். கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார், கம்பளத்தின் விளிம்பில் பழைய இடத்திலேயே மெதுவாக உட்கார்ந்தார். இந்தத் தடவை மொத்த அரங்கத்துக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, மகளைப் பார்த்தபடி.