நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு ரிஜெக்ட்

ஐந்தாவது தாண்டாதவன் நான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் டேங்க் செய்கிற பட்டறை வைத்திருக்கிறேன். என் டேங்க் ஒரு சொட்டு ஒழுகியதில்லை. காட்டுப்பள்ளி வரைக்கும் கேட்டுப் பாருங்கள்.

போன வருஷம் என் மகள் தனக்குப் பிடித்த பையனைச் சொன்னாள். அவன் அப்பா திருநின்றவூரில் இருக்கிற ரிட்டையர்டு காலேஜ் வாத்தியார். முதல் சந்திப்பிலேயே என் கையில் ஒரு தடிப் புத்தகத்தைக் கொடுத்தார். வானத்தில் கப்பல் போகிற கதை. யாரோ வெளிநாட்டுக்காரர் எழுதி, தமிழில் வந்தது.

"பெரிய பெரிய பரிசெல்லாம் வாங்கின நாவல். நான் பத்து வாட்டி படிச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை நிச்சயம் பேச வரும்போது இதப் பத்தியும் பேசலாம்" என்றார்.

"நைனா, அவருக்கு அந்த புக்குதான் உசுரு. நாலு வார்த்த நல்லதா சொல்லு. எதுனா ஏடாகூடமா பேசி பேஜாரு பண்ணிடாத" என்று மகள் கெஞ்சினாள்.

எடுத்த வேலையை நான் விட்டவனில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறையிலேயே எழுத்துக்கூட்டிப் படித்தேன். நாற்பத்தேழாம் பக்கத்தில் கப்பலின் எரிபொருள் டேங்க் ஒழுகியது. கேப்டன் கழுவாமல் கொள்ளாமல் நேராக வெல்டிங் வைத்தான். ஒழுகல் நின்றது என்று எல்லோரும் கைதட்டினார்கள். என் பட்டறையில் இப்படிச் செய்தவன் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே. என் கை தானாக மஞ்சள் பெயிண்ட் பேனாவை எடுத்தது. தேறாத டேங்கில் போடுவதுபோல் பக்கம் முழுக்கப் பெருக்கல் குறி போட்டு, 'ரிஜெக்ட்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதற்கப்புறம்தான் அது டேங்க் இல்லை, சம்மந்தி ஆகப்போகிறவரின் புத்தகம் என்பது உறைத்தது.

தின்னர் போட்டுத் துடைத்தேன். அச்சுதான் அழிந்தது. நான் வாங்குகிற பெயிண்ட் அவ்வளவு லேசில் போகாது.

"இன்னாய்யா பண்ணி வெச்சிக்கிற? பொண்ணு கல்யாணத்தையே ரிஜெக்ட் பண்ணிட்டியே" என்று மனைவி புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். மீதியை அவளே படித்து முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பையனோடு வந்த வாத்தியார் முதலில் புத்தகத்தைத்தான் திறந்தார். மகள் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"கழுவாத டேங்க்ல நெருப்பு வெச்சா வெடிக்கும் சார். எழுதினவரு ஒரு நாள் நம்ம பட்டறைல வந்து நின்னிருந்தா இன்னும் ரெண்டு பரிசு வாங்கியிருப்பாரு."

"பத்து வாட்டி படிச்ச எனக்குத் தெரியாத தப்பு உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்று எழுந்துவிட்டார். பையனும் பாதி எழுந்தான்.

மனைவி காபியை நீட்டினாள். "உக்காருங்கண்ணே. அடுத்த தாளுலயே கப்பலு வெடிச்சிடுது. அதுக்கப்புறம்தான் கதையே. ஆனா அந்தத் தாளுலேர்ந்து கடைசி வரைக்கும் ஓரம் வெட்டாம, பிரிச்சுப் படிக்க முடியாம மடிப்பாவே இருந்துச்சு. நான்தான் அருவாமணைல வெச்சு ஒவ்வொண்ணா கீறினேன்."

 அவர் மெதுவாக உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார்.

"காபி நல்லா இருக்கும்மா. நிச்சயத்த எப்ப வெச்சிக்கலாம்?"

கப்பல் வெடிக்கும் என்பதை எழுதியவர் சொல்வதற்கு ஒரு தாள் முன்னாலேயே சொன்னவன் நான். பரிசு என்னவோ அவருக்குத்தான் கொடுத்தார்கள்.