மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் பனியன்

வெள்ளகோவில் சித்ரகலாவுக்கு எதைப் பார்த்தும் ‘நல்லாயில்லை’ என்று சொல்ல வராது. ஓட்டலில் உப்பில்லாத சாம்பாரை ஊற்றினாலும், “நல்லாருக்குதுங்க, போதுங்க” என்பாள். அப்படிப்பட்டவள் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட ஆய்வு, பின்னலாடை உடம்புக்கு எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று அளப்பது.

அந்த ஆய்வில் சேர்ந்துகொள்ளச் செக் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து மார்கேட்டா வந்தாள். அவளும் ஆய்வு மாணவிதான். ஒரு பருவம் அவள் இங்கே, மறு பருவம் சித்ரகலா அங்கே என்பது ஏற்பாடு. ஆனால் இங்கே நடக்கும் சோதனை தேறினால்தான் கல்லூரிக் குழு சித்ரகலாவை அனுப்பும். அவளோ பாஸ்போர்ட் எடுத்து, ஸ்வெட்டரும் வாங்கி, ஊர் முழுக்கச் சொல்லியும் முடித்திருந்தாள்.

சோதனை அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நடந்தது. கட்டிங் மாஸ்டர் ரத்தினசாமி விருந்தாளியைக் கும்பிட்டார்.

“பேரு என்னங்க அம்மிணி?”

“மார்கேட்டா.”

“மார்க்கெட்டுங்களா? ஏதோ ஓடுதுங்க. பேரு என்னங்க?”

நான்கு வகைத் துணியில் பனியன் தைத்திருந்தார்கள். தொழிலாளர்கள் ஒவ்வொன்றாக உடுத்திப் பார்த்து, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் சொல்ல வேண்டும். நான்காவதை மட்டும் மார்கேட்டா வேண்டுமென்றே சொரசொரப்பான நூலில் பின்ன வைத்திருந்தாள். சொல்கிறவர்கள் உணர்ந்துதான் சொல்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத்தான். அந்தப் பனியனைக் கோணிச் சாக்கு என்றே சொல்லலாம்.

அதை உடுத்திக்கொண்டு ரத்தினசாமி இரும்புத் தூணில் முதுகைத் தேய்த்தபடி நின்றார்.

“எப்படீங்க மாஸ்டர் இருக்குது?” என்றாள் சித்ரகலா.

“அருமைங்க. அஞ்சு போட்டுக்குங்க.”

“அரிக்குதுங்களா?”

“அதெல்லாம் இல்லீங்க. தூணு ஆடுதான்னு பாக்கறனுங்க.”

செக்கிங் பிரிவு மாரக்காளுக்குக் கையெல்லாம் சிவந்திருந்தது. கேட்டால், “கொசுங்க கண்ணு” என்றாள். அவளும் ஐந்து. எல்லாருமே எல்லாவற்றுக்கும் ஐந்து.

“இவர்கள் பொய் சொல்கிறார்கள்” என்றாள் மார்கேட்டா.

“பொய் இல்லை, மரியாதை. விருந்தாளி கொடுத்த துணியைக் குறை சொல்ல மாட்டார்கள்.”

“சாக்கும் பருத்தியும் ஒன்று என்று குழுவிடம் காட்டினால், உன் ஸ்வெட்டரை நீ வெள்ளகோவிலில்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.”

மறுநாள் டீ நேரத்தில் மாரக்காள் தன் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்குத் துணி எடுப்பதுதான் பெரும் கவலையாம். சித்ரகலா பேச்சுக்குச் சொல்லிவைத்தாள்.

“இந்த நாலாவது பனியனையே குடுத்தர்லாமுங்களே.”

“இதையா? கல்யாணமே நின்னு போயிருமுங்க கண்ணு. சாக்கை எவளாவது மாப்பிளைக்குக் குடுப்பாளா?”

சித்ரகலா டீயை அப்படியே வைத்துவிட்டுப் பேனாவைத் தேடி ஓடினாள். அன்றைக்கே கேள்வி மாறியது. எப்படி இருக்கிறது என்று யாரையும் கேட்கவில்லை. இதை மாப்பிள்ளைக்குக் கொடுப்பீர்களா என்று மட்டும் கேட்டார்கள்.

“மொத ரண்டும் தாராளமாக் குடுப்பனுங்க” என்றார் ரத்தினசாமி. “மூணாவது, மாப்பிளை கோவிச்சுக்காத ஆளா இருந்தா பாக்கலாமுங்க. நாலாவதைச் சம்பந்திக்கு வேணாக் குடுங்க. டசனாவே குடுங்க.”

குழுத் தலைவர் பேராசிரியர் கருப்புசாமி முடிவுகளைப் புரட்டினார்.

“மாப்பிள்ளை அளவுகோல்னு எந்தப் புத்தகத்துல இருக்குதும்மா?”

மார்கேட்டா நான்காவது பனியனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் தடவிப் பார்த்தார். உள்பக்கத்தைத் திருப்பியும் தடவினார்.

“எங்க மாப்பிள்ளைக்கு இதுலயே நாப்பத்திரண்டு சைஸ் ஒண்ணு” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சித்ரகலா செக் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. அங்கத்திய ஆலையில் முதலில் உடுத்திப் பார்த்தவர் ஒரு மீசைக்கார மெக்கானிக். அவருக்குக் கொடுத்தது இருப்பதிலேயே மிருதுவான பனியன். அவர் தோளைக் குலுக்கி ஏதோ முனகினார்.

“மோசமில்லையாம்” என்றாள் மார்கேட்டா.

சித்ரகலாவின் முகம் வாடிவிட்டது. ஒன்று என்று குறித்தாள். அந்த மனிதரைப் பார்த்து, “மன்னிச்சுக்குங்க” என்று தமிழிலேயே சொல்லிக் கும்பிட்டாள். அவர் பயந்துபோய் இரண்டடி பின்வாங்கினார்.

மார்கேட்டா பேனாவைப் பிடுங்கி, ஒன்றை அடித்து ஐந்தாக்கினாள்.

“இவர் தன் கல்யாணத்தன்றுகூட இவ்வளவு புகழ்ந்ததில்லை.”