அட்டையில் வந்த காவடி

மோகனாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அவள் தாதி அல்ல. ஈப்போவில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்து, பராமரிப்புப் பயிற்சிச் சான்றிதழோடு தோட்டத்துக்குத் திரும்பியவள். புண்ணுக்கு மருந்து கட்டுவாள், படுத்தவரைப் புரட்டிவிடுவாள், அழுகிறவரை அழவிட்டுப் படுக்கை விரிப்பை மாற்றுவாள். ஐம்பத்தெட்டு வயதிலும் அவள் மோட்டார் சைக்கிளை முடுக்கினால் தேயிலைச் செடியே ஒதுங்கி வழிவிடும் என்று லயத்தில் பேச்சு.

அந்த வாரம் அவளுக்கு வந்த தலைவலி ஒரு வார இதழ். பிரிஞ்சாங் டவுனில் செல்லையா கடை வாசலில் தொங்கியது. அட்டை முழுக்கக் காவடி எடுத்து ஆடும் வாலிபன். கன்னத்தில் அலகு, முகமெல்லாம் திருநீறு. மேலே சிவப்பு எழுத்தில், 'நகைக்கடைக் கொள்ளை: சிக்கிய பக்தன் குகனேஸ்வரன்!'

குகனேஸ்வரன் காய்கறி லோரி ஓட்டுபவன். போன மாதம் போலீஸ் பிடித்துப் போனது. வழக்கு இன்னும் தொடங்கவே இல்லை. கடை வாசலில் அது முடிந்தே போயிருந்தது.

"திருடன சாமி மாதிரி போட்டிருக்கான் பாரு! இனி நம்ம பிள்ளைங்க இவனத்தான் கும்புடும்."

"முழியப் பாரு. பாத்தாலே தெரியல? திருட்டு முழி லா!"

கோயில் தலைவர் ராதாகிருஷ்ணன் இருந்த இருபது பிரதியையும் வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் கொளுத்தப் போகிறாராம். செல்லையா அப்போதே இன்னும் ஐம்பதுக்குச் சொல்லி அனுப்பினார். "கொளுத்துறவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, இல்லன்னா சொல்ல முடியும்?"

கொளுத்துவதோடு நிற்கவில்லை. திருவிழாவின் ஆறாம் நாள் உபயம், அதாவது அன்றைய பூசையும் அன்னதானமும், மூன்று தலைமுறையாகக் குகனேஸ்வரன் வீட்டுடையது. அதையும் பறிப்பது என்று வெள்ளிக்கிழமை முடிவாகும். சேதி கேட்டதும் அவன் தாய் காளியம்மா வாயை மூடிக்கொண்டாள். பக்கவாதத்தில் வலது கை விழுந்து, மோகனா ஊட்டினால்தான் கஞ்சி குடிப்பவள். இரண்டு நாளாக அதுவும் இல்லை.

"வெறும் வயித்துல மாத்திரை போட முடியாதுக்கா."

"அந்தப் புஸ்தகத்தக் கொண்டா. பாத்துட்டுக் குடிக்கிறேன்."

காட்டாதே என்று பக்கத்து வீடுகளில் சொன்னார்கள். மறைத்தால் பசிக்குமா? மோகனா வாங்கிவந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டாள். காளியம்மா நெடுநேரம் பார்த்தாள்.

"இது என் மவன் இல்ல."

எல்லாத் தாயும் சொல்வதுதான். மோகனா கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தாள்.

"கேளு மிஸ்ஸி. அவன் திருடுனானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இது அவன் இல்ல. அவன் எடுத்தது பால்குடம். ஊசி போட்டாலே ஓடுறவன், அலகு குத்திக்குவானா?"

மோகனா கிண்ணத்தை வைத்துவிட்டுப் படத்தை எடுத்தாள். திருநீறு பூசிய முகத்தில் எதுவும் தெரியவில்லை. காலுக்கு வந்தாள். வலது கெண்டைக்காலில் முட்டை அளவு தழும்பு. மோட்டார் புகைக்குழாய் சுட்ட புண். மூன்று வாரம் அவளே மருந்து கட்டியது. ராதாகிருஷ்ணனின் மகன் தர்மாவின் கால்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, குவித்த இதழ்களின் மேல் ராதாகிருஷ்ணன் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"தலைவரே, நெருப்பு வைக்கிறதுக்கு முன்னாடி காலக் கொஞ்சம் பாருங்க."

"யாரு காலு?"

"உங்க வீட்டுக் காலு. தர்மா, இங்க வாய்யா. சிலுவார மேல ஏத்து."

தர்மா கால்சட்டையை ஏற்றினான். கூட்டம் அட்டையைப் பார்த்தது, காலைப் பார்த்தது. ராதாகிருஷ்ணனுக்கு இன்னொன்றும் நினைவு வந்தது. போன திருவிழா முடிந்ததும் கோயில் முகநூல் பக்கத்தில் இந்தப் படத்தைப் போட்டு, காவடி, பால்குடம் எடுத்தவர்கள் பெயரையெல்லாம் கீழே மொத்தமாக எழுதியது அவரேதான். அதிலிருந்து படத்தை எடுத்த இதழ்க்காரனுக்கு எந்த முகம் யாருடையது என்று எப்படித் தெரியும்?

"முழியிலயே தெரியுதுன்னு சொன்னாங்களே," என்றாள் மோகனா, யாரையும் பார்க்காமல்.

ராதாகிருஷ்ணன் தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டார். "இந்தப் பத்திரிகைக்காரனுங்க மேல கேஸ் போடாம விடமாட்டேன்."

"போடுங்க. ஆறாம் நாளு யாரு உபயம்?"

"காளியம்மா வீடு. அத யாரு மாத்துனா?" என்றார், மாற்ற வந்த மனிதர்.

மோகனா திரும்பிவந்து சேதியைச் சொன்னபடியே கஞ்சியைச் சூடாக்கினாள். காளியம்மா முதல் வாயை விழுங்கினாள்.

"அவன் கேஸு இன்னும் இருக்கே மிஸ்ஸி."

"அது கோர்ட்டு வேலைக்கா. வாயத் தொறங்க."